ஸ்டேபிளா, ரிலீஸா? ஒரு கணினிக்குரிய கிளையைத் தேர்ந்தெடுக்கும் முறை

2022ஆம் ஆண்டின் கடைசியில் புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் கணக்கறைக்கு ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஒரு கோப்புச் சேவையகம் அமைத்துக் கொடுத்தேன். பதிவிறக்கம் செய்யும் இடத்தில் ரிலீஸ் என்றும் ஸ்டேபிள் என்றும் இரண்டு வகைகள் இருந்தன. நெல் கொள்முதல் கணக்கு இருக்கப்போகும் பெட்டி ஆட்டம் காணக் கூடாது என்ற எண்ணத்தில், பெயரை நம்பி ஸ்டேபிளை எடுத்தேன். தை அறுவடை நெல் லாரி லாரியாக வந்திறங்கிய நாட்களில் ஒருமுறை புதுப்பித்துவிட்டு உள்நுழைந்தபோது, திரையில் வந்த முதல் வரியை ஆலையை நடத்தும் ஆச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். “தம்பி, மொதல்ல ஸ்டேபிள்னு போட்டிருந்துச்சு, இப்ப ப்ரீரிலீஸுங்குது. கணக்குக்கு ஒண்ணும் ஆயிடாதே?” என்று கேட்டார். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு ஒழுங்கான விடை சொல்ல எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. காரைக்குடி வட்டாரத்தில் கடைக்கும் ஆலைக்கும் வீட்டுக்கும் இப்படிக் கணினி அமைத்துக் கொடுப்பவர்கள் அந்த விடையைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்டேபிள் என்ற சொல் எதைக் குறிக்கிறது

ஃப்ரீபிஎஸ்டியில் நிரலாளர்கள் எழுதும் மாற்றம் எதுவும் முதலில் கரன்ட் என்ற கிளைக்குத்தான் (மூலநிரலின் தனி வளர்ச்சி வரிசைக்குத்தான்) போகும். அங்கே சில நாட்களோ சில வாரங்களோ கிடந்து, யாருக்கும் தொல்லை தரவில்லை என்று தெரிந்த பிறகு, தகுதியானவை ஸ்டேபிள் கிளைக்கு இறக்கப்படும். ஸ்டேபிள் கிளையில் போதிய அளவு சேர்ந்ததும் அதிலிருந்து ஒரு வெளியீட்டுக் கிளையைத் தனியாகப் பிரித்து, பீட்டா, ஆர்சி என்று படிப்படியாகச் சோதித்து, கடைசியில் ரிலீஸ் என்று பெயரிட்டு வெளியிடுவார்கள். வெளியான பிறகு அந்த ரிலீஸுக்குள் பாதுகாப்புத் திருத்தங்களும் தவிர்க்க முடியாத பிழைத்திருத்தங்களும் மட்டுமே நுழையும். புதிய வசதி எதுவும் நுழையாது.

ஆத்தங்குடியில் பூக்கல் வார்க்கும் பட்டறைக்குப் போனவர்களுக்கு இந்த வரிசை உடனே பிடிபடும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை இப்போதுதான் ஊற்றிய கல் ஒன்று. மணலும் சிமென்டும் ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறிக்கொண்டிருக்கும் கல் ஒன்று. ஊறி, உலர்ந்து, எண்ணி அடுக்கிய கல் ஒன்று. மூன்றும் ஒரே கல்தான் என்றாலும், வீட்டுப் பட்டாலையில் பதிக்க மேஸ்திரி மூன்றாவது அடுக்கிலிருந்துதான் எடுப்பார். ஸ்டேபிள் என்பது தொட்டியில் ஊறும் கல்.

அப்படியானால் அதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? கணினி அசையாமல் ஓடும் என்ற பொருளில் அந்தச் சொல் அங்கே வரவில்லை. நிரல்களும் இயங்குதளமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடைமுகம் அந்தக் கிளையின் ஆயுள் முழுவதும் மாறாது என்பதே அதன் பொருள். 14.0இல் தொகுத்த (மூலநிரலிலிருந்து இயங்கும் வடிவுக்கு மாற்றிய) நிரல் 14.3இலும் ஓட வேண்டும் என்பது அவர்கள் கொடுக்கும் வாக்கு. வன்பொருளை இயக்கும் ஓட்டுநர் நிரல், கோப்பு முறைமை, கட்டளைகள் ஆகியவற்றுக்குள் நாள்தோறும் மாற்றம் வந்துகொண்டே இருக்கலாம். வெளியே தெரியும் கதவின் அளவு மட்டும் மாறாது. அடுத்த வெளியீட்டுக்கான வேலை தொடங்கும்போது இந்தக் கிளையின் பெயர்ப்பலகையே சில காலம் ப்ரீரிலீஸ் என்று மாறிவிடும். ஆச்சி பார்த்தது 13.2க்கு முந்தைய அந்தப் பலகையைத்தான்.

இப்போது எதில் இருக்கிறீர்கள்

முடிவெடுக்கும் முன் கணினி இன்று எந்தக் கிளையில் நிற்கிறது என்று பாருங்கள். ‘யூனேம்’ கட்டளையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், பெயரை மட்டுமே சொல்லும். ‘ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன்’ என்ற கட்டளைக்கு கே, ஆர், யு என்ற மூன்று எழுத்துக்களையும் சேர்த்துக் கொடுத்தால் மூன்று வரிகள் வரும்: வட்டில் நிறுவப்பட்ட கெர்னல், இப்போது ஓடும் கெர்னல், அதற்கு மேலுள்ள பயனர் பகுதி. முதல் இரண்டு வரிகளும் வேறுபட்டால், புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். மூன்றாவது வரியில் மட்டும் திருத்த எண் பி3 என்றும் மற்ற இரண்டில் பி1 என்றும் இருந்தால் பதற வேண்டாம். அந்த இரண்டு திருத்தங்களும் கெர்னலைத் தொடவில்லை, அவ்வளவுதான். பெயரின் வாலில் ரிலீஸ் என்ற சொல்லும் பி எண்ணும் இருந்தால் நீங்கள் வெளியீட்டுக் கிளையில் இருக்கிறீர்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி

எந்தக் கிளை நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. இந்தப் பெட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள், அது ஒரு நாள் நின்றால் யாருடைய வேலை நிற்கும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் விடை அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

பிறருடைய வேலை ஒரு பெட்டியை நம்பியிருந்தால் அதில் ரிலீஸ்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை. ரிலீஸில் ‘ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்’ என்ற கருவி, தொகுத்துத் தயாராக உள்ள திருத்தங்களைக் கொண்டுவந்து சில நிமிடங்களில் நிறுவிவிடும். ஸ்டேபிளில் அந்தக் கருவி வேலை செய்யாது. நீண்ட காலமாக, ஸ்டேபிளில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் மூலநிரல் முழுவதையும் இறக்கி, நம் பெட்டியிலேயே தொகுத்து நிறுவுவதுதான் வழக்கமான வழி. 2025 டிசம்பரில் வந்த 15.0இலிருந்து அடிப்படை அமைப்பையே பேக்கேஜ்களாக (தொகுத்துத் தயாராக உள்ள பொதிகளாக) நிறுவும் வழி நிறுவியிலேயே தரப்படுகிறது. அந்த வழியில் போகிறவர்கள் ஸ்டேபிளையும் தொகுக்காமல் பெறலாம். ஆனாலும் உள்ளே வரும் மாற்றங்களின் தன்மை அதனால் மாறிவிடாது. தொகுக்கும் உழைப்பு குறைகிறது. கவனிக்கும் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தொகுப்பு எப்படி இருக்கும் என்று ஒருமுறை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கே அதன் எடை தெரியும். ஆலைக் கணினி எட்டு கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய பெட்டி. ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வந்த அன்று மாலை, ஆலை அடங்கிய பிறகு மூலநிரலை இறக்கித் தொகுக்க விட்டேன். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தவிட்டுத் தூசு படிந்த காற்றாடி இரைந்துகொண்டே இருந்தது. பத்து மணிக்கு மேல் மின்சாரம் நின்றது. யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கி அணைந்தது. அன்று இருட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்: தொகுக்கும் கட்டம் நடுவில் நின்றால் கேடு எதுவும் இல்லை. ‘பில்டுவேர்ல்டு’, ‘பில்டுகெர்னல்’ இரண்டும் தனிக் கோப்பகத்தில்தான் எழுதும். ஓடும் இயங்குதளத்தைத் தொடுவதில்லை. மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். ‘இன்ஸ்டால்வேர்ல்டு’ என்ற கட்டத்தின் நடுவில் மின்சாரம் போவதுதான் ஆபத்து. பாதிக் கட்டளைகள் புதியனவாகவும் பாதி பழையனவாகவும் நின்றுவிடும். ஆகவே தொகுப்பை இரவில் விட்டாலும், நிறுவும் கட்டத்தை மின்சாரம் உறுதியாக இருக்கும் பகல் நேரத்தில், யுபிஎஸ் முழுதாக ஏறியிருக்கும்போது, பக்கத்தில் இருந்து செய்யுங்கள்.

ஸ்டேபிளுக்குப் போக நியாயமான காரணங்கள்

ஸ்டேபிள் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அது நியாயமான தேர்வுதான். புதிதாக வாங்கிய பலகையில் உள்ள வலை அட்டைக்கு ரிலீஸில் ஓட்டுநர் நிரல் இல்லை, ஸ்டேபிளில் வந்துவிட்டது என்பது ஒரு காரணம். உங்களைத் தினமும் வதைக்கும் ஒரு குறிப்பிட்ட பிழை ஸ்டேபிளில் திருத்தப்பட்டுவிட்டது, ஆனால் பிழைத்திருத்த அறிவிப்பாக ரிலீஸுக்கு வரவில்லை என்பது இன்னொன்று. அடுத்த ரிலீஸ் உங்கள் கருவிகளோடு ஒத்துப்போகுமா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்பது மூன்றாவது. இதுவே மிகவும் மதிக்கத்தக்க காரணம், ஏனெனில் அப்படிச் சோதித்துப் பிழையைத் தெரிவிப்பவர்களால்தான் ரிலீஸ் ரிலீஸாக இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் மாணவர் ஒருவர் தம் சொந்த மடிக்கணினியில் ஸ்டேபிளையோ கரன்ட்டையோ ஓட்டினால் நான் மனமார வரவேற்பேன். உடைந்தால் அவருக்குப் படிப்பு. ஆலையில் உடைந்தால் வாசலில் நிற்கும் லாரிக்குக் காத்திருப்பு.

பாதுகாப்பு காரணமாக ஸ்டேபிளுக்குப் போகிறேன் என்று சொல்வது மட்டும் காரணம் ஆகாது. இன்னும் திருத்தங்கள் தரப்படும், அதாவது ஆதரவில் உள்ள ரிலீஸுக்கும் ஸ்டேபிளுக்கும் ஒரே பாதுகாப்பு அறிவிப்பிலேயே திருத்தம் குறிக்கப்படுகிறது. எந்தக் கிளையில் எப்போது திருத்தம் சேர்ந்தது என்று அறிவிப்பின் உள்ளேயே வரிசையாகப் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

ஸ்டேபிளில் நுழைவது எளிது, ரிலீஸுக்குப் பின்னோக்கித் திரும்புவது முறையான வழி அல்ல. அந்த ஸ்டேபிளிலிருந்து அடுத்த ரிலீஸ் பிரியும் வரை காத்திருந்து, அதை முன்னோக்கியே போய்ப் பிடிக்க வேண்டும். அல்லது தரவைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். ஆலைக் கணினிக்கு நான் முதல் வழியைத்தான் எடுத்தேன்: 2023 ஏப்ரலில் 13.2 ரிலீஸ் வந்ததும் அதன் கிளையைத் தொகுத்து நிறுவி, அன்றோடு தொகுக்கும் வேலையை நிறுத்தினேன்.

ரிலீஸிலும் காலக்கெடு உண்டு

ரிலீஸை நிறுவிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பதும் தவறுதான். பெரிய எண் ஒன்றுக்கு நீண்ட ஆதரவு உண்டு. 14 வரிசை 2023 நவம்பரில் தொடங்கியது, 2028 நவம்பர் 30 வரை ஆதரவு பெறும். 15 முதல் இந்தக் காலம் ஐந்தாண்டிலிருந்து நான்காண்டாகக் குறைந்துள்ளது. ஆனால் புள்ளிக்குப் பின்வரும் சிறிய எண்ணுக்குத் தனிக் கெடு: அடுத்த சிறிய எண் வந்து சுமார் மூன்று மாதத்தில் முந்தையதன் ஆதரவு முடிந்துவிடும். 2025 ஜூனில் 14.3 வந்தது; செப்டம்பர் 30ஆம் தேதி 14.2இன் ஆதரவு முடிந்தது. அந்த மூன்று மாத இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் காலம்.

இந்த இடைவெளியில் எந்த வாரத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். ஆலைக்கு அறுவடை நாட்கள் ஆகாது. கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்துகிறவர்களுக்குப் பயணிகள் நிறையும் மார்கழி, தை ஆகாது. படைப்புக்கும் திருமணத்துக்கும் வெளியூரிலிருந்து பங்காளிகள் எல்லாரும் வந்திறங்கும் வாரத்தில் எந்த வீட்டிலும் எதையும் தொடாதீர்கள்.

தொடும் முன் திரும்பிவர ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் நிறுவியிருந்தால் ‘பிஇசிடிஎல்’ கட்டளையால் இப்போதைய நிலையைத் துவக்கச் சூழலாகப் பெயரிட்டு வைத்துவிடலாம்; புதியது சரிப்படவில்லை என்றால் துவக்கும்போது பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை உண்டு. புதுப்பித்த பிறகு, வட்டுத் தொகுதியையும் மேம்படுத்தலாம் என்று ஒரு செய்தி வரும். உடனே செய்யாதீர்கள். செய்துவிட்டால், அந்தப் புதிய அம்சங்களை அறியாத பழைய துவக்கச் சூழல் வட்டைப் படிக்க முடியாமல் போகலாம். நான் குறைந்தது ஒரு மாதம் விட்டுவிடுவேன்.

சிறிய எண் மாறும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பேக்கேஜ்கள் பொதுவாக ஆதரவில் உள்ள மிகப் பழைய சிறிய எண்ணின் மேல் தொகுக்கப்படுகின்றன. சாதாரண நிரல்களுக்கு இதனால் இடர் இல்லை. ஆனால் திரை அட்டைக்கான ஓட்டுநர் போன்ற கெர்னல் கூறுகள் புதிய சிறிய எண்ணிலோ ஸ்டேபிளிலோ ஏற மறுக்கலாம். திரை இல்லாத சேவையகத்துக்கு இது பொருட்டல்ல. மேசைக் கணினியாகப் பயன்படுத்துபவர்கள், இத்தகைய கூறுகள் தங்கள் எண்ணுக்குத் தொகுக்கப்பட்டுவிட்டனவா என்று பார்த்த பிறகே மாற வேண்டும். பேக்கேஜ்களுக்கே காலாண்டுக் கிளை, அண்மைக் கிளை என்று இரண்டு உண்டு. ரிலீஸில் இயல்பாக வருவது காலாண்டுக் கிளை, அதையே விட்டுவிடுங்கள்.

அதே சொல், வேறு பொருள்

ஃப்ரீபிஎஸ்டியில் கற்றதை அப்படியே அடுத்த இயங்குதளத்துக்குக் கொண்டுபோனால் வழுக்கி விழுவோம். ஓப்பன்பிஎஸ்டியில் ரிலீஸ், ஸ்டேபிள், கரன்ட் என்று அதே மூன்று சொற்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே ஸ்டேபிள் என்றால் ரிலீஸும் அதற்குப் பின் வந்த பிழைத்திருத்தங்களும் மட்டுமே. அடுத்த வெளியீட்டுக்கான வளர்ச்சி கரன்ட்டில் நடக்கிறது. ஆகவே அங்கே ஸ்டேபிளைத் தேர்ந்தெடுப்பதே பொறுப்பான செயல்; ‘சிஸ்பேட்ச்’ கட்டளையை ஒழுங்காக ஓட்டுபவர் தொகுக்காமலேயே அந்த நிலையை அடைந்துவிடுகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டும் ஆதரவு என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மேலேற வேண்டும். கட்டியான சுவர்களும் நீண்ட வளவும் உள்ள ஒரு விடுதியில் நாலைந்து வைஃபை பெட்டிகளுக்கு முன்னால் தீயரணாக ஒரு சிறு கணினியை வைக்க வேண்டியிருந்தபோது, பிஎஃப் என்ற பொட்டல வடிகட்டி பிறந்த வீடு என்பதால் ஓப்பன்பிஎஸ்டியையே வைத்தேன்.

லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனில் ஸ்டேபிள் என்பதே ரிலீஸ். 2023 ஜூன் 10 அன்று வந்த புக்வோர்ம் என்ற பதிப்பு, 2025 ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்ஸி என்ற அடுத்த பதிப்பு வந்ததும் ஓல்டுஸ்டேபிள் ஆனது. வளர்ச்சி நடப்பது அன்ஸ்டேபிள், டெஸ்டிங் என்ற இரண்டில். இங்கே நான் அடிக்கடி காணும் பிழை வேறு: பேக்கேஜ் மூலங்களின் பட்டியலில் ட்ரிக்ஸி என்று பெயரை எழுதாமல், ஸ்டேபிள் என்று பொதுச் சொல்லை எழுதிவிடுவது. அப்படி எழுதினால் அடுத்த பதிப்பு வெளியாகும் நாளில், வழக்கமான புதுப்பிப்பு என்று நினைத்துச் செய்யும் வேலை முழுப் பதிப்பு மாற்றமாகத் தொடங்கிவிடும். எப்போதும் பெயரையே எழுதுங்கள்.

டெபியனில் ஸ்டேபிளை விட்டு வெளியேறாமலேயே புதிய கெர்னலோ புதிய நிரல் ஒன்றோ வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸ் என்ற இடைவழி உண்டு. அந்த ஒன்றுக்காக டெஸ்டிங்கிற்குத் தாவ வேண்டியதில்லை. உபுண்டுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் என்ற நீள் ஆதரவுப் பதிப்பு ஐந்தாண்டு ஆதரவோடு வருகிறது, இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான்.

பூட்டிக்கிடக்கும் வீடு

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வாரம் ஒருமுறை ஒருவர் வந்து கூட்டி, விளக்கேற்றிவிட்டுப் போவார். கண்காணிப்பு கேமராவின் பதிவு, தாத்தா காலத்துப் பேரேடுகளையும் ஐந்தொகைகளையும் ஒளிவருடி எடுத்த படங்கள் என்று ஒரு கணினி மட்டும் முகப்புக்குப் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்பதுதான் உண்மை, அதை ஒத்துக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு நான் டெபியன் ஸ்டேபிளைத்தான் பரிந்துரைப்பேன். மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்பின் இரண்டாண்டு நீள் ஆதரவும் இருப்பதால், படைப்புக்கு வீட்டுக்காரர்கள் வரும்போது, கூட்டம் கலைந்த மறுநாள் உட்கார்ந்து ஒரு பதிப்பு ஏற்றினால் போதும். இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக நிறுவப்பட ‘அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ என்ற பேக்கேஜை அமைத்துவிடுங்கள். மறுதொடக்கம் தேவைப்பட்டால் எந்த நேரத்தில் நடக்கலாம் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். இத்தகைய வீட்டில் எந்த இயங்குதளத்தின் வளர்ச்சிக் கிளையையும் நிறுவுவதை, எத்தனை புதிய வசதிகள் இருந்தாலும், நான் ஏற்க மாட்டேன். அந்தப் பேரேடுகளின் தாள் பொடிந்துகொண்டிருக்கிறது, படங்கள்தான் மிஞ்சப்போகின்றன. அவற்றின் நகல் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது கிளைத் தேர்வுக்கும் முந்தைய வேலை.

முடிவு செய்த பிறகு அதை எழுதி வையுங்கள். நான் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு தாள் ஒட்டுகிறேன்: இயங்குதளத்தின் பெயர், கிளை, எண், ஏன் அந்தக் கிளை என்று ஒரே வரி, ஆதரவு முடியும் தேதி, அடுத்து மேலேற்ற வேண்டிய மாதம். ஆலைக் கணினியின் மேலுள்ள தாளில் ரிலீஸ் என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். ஆதரவு முடியும் தேதியை ஆச்சி தம் கணக்குக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் எழுதிக்கொண்டார். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே அவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்துவிடும்.